மூட்டில் சேரும் கட்டம்



மாணவர் மன்ற மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நீ டெக்ஸ்டைல் பிராஞ்ச்சாச்சே, ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடு" என்றார்கள். "அதெல்லாம் யாருடா படிப்பாங்க? ஸ்டைல் பத்தி எழுது" என்றான் அறைத் தோழன். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. என்னுடைய ஒரு பழைய சட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். படித்து முடிக்கும்போது உங்களுக்கு ஒரு கணக்கும் தெரிந்திருக்கும், ஒரு பொய்யும் தெரிந்திருக்கும். கணக்கு துணியுடையது. பொய் என்னுடையது.

கைலிச் சட்டை

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம். கைலி நெய்யும் வட்டாரம். அப்பாவுக்குக் குழித்தறி. அம்மா தார் சுற்றுவார். ஆயா பாவு பிணைப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலையில் என்னை எழுப்புவது கோழியும் இல்லை, அலாரமும் இல்லை. தறிச் சத்தம்தான்.

எனக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். பாவு முடியும் இடத்தில் மிஞ்சிய நூலுக்குக் காசு கொடுத்து, அதில் நாலு மீட்டர் நெய்து, எனக்கு இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தார். கருநீலமும் பச்சையும், நடுவே மெல்லிய வெள்ளைக் கோடும் போட்ட கட்டம். நல்ல கட்டம்தான். ஆனால் அது கைலிக் கட்டம்.

முதல் நாள் விடுதியில் ஒருவன் கேட்டான்: "என்னா மச்சி, கைலியக் கிழிச்சுச் சட்டை தைச்சுட்டியா?"

அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் நாள் எனக்குப் பெயரே 'கைலி' ஆகிவிட்டது. வாரக் கடைசியில் அந்த இரண்டு சட்டையும் பெட்டியின் அடிக்குப் போயின. மெஸ்ஸுக்கு என்று அம்மா தனியாக முடிந்து கொடுத்த பணத்தில், கறுப்பு டீ ஷர்ட் ஒன்று வாங்கினேன். அதன் மார்பில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. இன்று வரை அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது.

"உங்க அப்பா என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "டெக்ஸ்டைல் பிசினஸ்" என்று சொல்லப் பழகிக் கொண்டேன். அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக் கொண்டேன்.

பிக் கிளாஸ் காட்டியது

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குத் துணிப் பகுப்பாய்வு செய்முறை வகுப்பு உண்டு. ஒரு துணியை எடுத்துக் கொண்டு அதன் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை, நூலின் கவுண்ட் என்ன, சுருக்கம் எவ்வளவு என்று கண்டுபிடித்து ரெக்கார்டில் எழுத வேண்டும். "ஆளுக்கு ஒரு துணி கொண்டு வாங்கப்பா. வெட்டுனா வருத்தப்படாத துணியா இருக்கட்டும்" என்றார் சார்.

காலையில் அவசரம். பெட்டியின் அடியிலிருந்து கைக்கு அகப்பட்டது அந்தக் கைலிச் சட்டைதான். வெட்டினால் வருத்தப்படாத துணி! உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

பிக் கிளாஸ் என்பது ஓர் அங்குலச் சதுரச் சட்டத்தின் மேல் பூதக்கண்ணாடி பொருத்திய சிறு கருவி. துணியின் மேல் வைத்து, ஊசி முனையால் இழைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ண வேண்டும். ஒரே இடத்தில் எண்ணினால் போதாது. பல இடங்களில் எண்ணிச் சராசரி பார்க்க வேண்டும். கடைத் துணி கொண்டு வந்த நண்பர்களும் எண்ணிக் கொண்டிருந்தார்கள். நானும் எண்ணினேன். துண்டு போதாமல், அறைக்கு ஓடிப்போய்ச் சட்டையையே எடுத்து வந்து முதுகில், கையில், பையில் என்று பத்து இடத்தில் எண்ணினேன்.

ஊடை: 68, 68, 69, 68, 68, 67, 68, 68, 68, 68.

சார் என் தாளைப் பார்த்தார். சந்தேகத்தோடு கிளாஸை வாங்கித் தாமே இரண்டு இடத்தில் எண்ணினார். அப்புறம் சட்டையைத் திருப்பி நூல்களைப் பார்த்தவர், "இது கைத்தறியாச்சே! இவ்வளவு சீரா அடி விழுந்திருக்கு. யாருப்பா நெய்தது?" என்றார்.

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்குப் 'பிசினஸ்' நினைவுக்கு வந்தது. 'கைலி' நினைவுக்கு வந்தது.

"கடையில வாங்குனது சார்."

நண்பர்களே, இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த ஒரு வாக்கியம்தான்.

ஒரு கட்டத்தின் கணக்கு

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அந்த 68 என் மண்டையைக் குடைந்து கொண்டே இருந்தது. தறி ஓரம் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை நமது பாடத்தோடு சேர்த்து இங்கே தருகிறேன். மற்ற பிராஞ்ச் நண்பர்களும் புரிந்து கொள்ளலாம். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

நீளவாக்கில் தறியில் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே நாடாவில் ஓடும் நூல் ஊடை. பாவு நூல்களை இடைவெளி மாறாமல் பிரித்து நிறுத்துவது அச்சு. எங்கள் வீட்டில் 72-ஆம் நம்பர் அச்சு. அதாவது அங்குலத்துக்கு 72 பாவு இழை. கைலியின் அகலம் 50 அங்குலம். ஆக 72 × 50 = 3,600 இழை.

கைலியின் நீளம் 2 மீட்டர், அதாவது சுமார் 79 அங்குலம். அங்குலத்துக்கு 68 ஊடை என்றால் 79 × 68 = 5,372. ஒரே ஒரு கைலிக்கு நாடா 5,372 தடவை குறுக்கே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால் மிதிக்க வேண்டும், கை இழுக்க வேண்டும், அச்சு வந்து அடிக்க வேண்டும்.

நூல் எவ்வளவு? பாவில் 3,600 இழை × 2 மீட்டர் = 7.2 கிலோ மீட்டர். ஊடையில் 5,372 × 1.27 மீட்டர் = ஏறக்குறைய 6.8 கிலோ மீட்டர். இழைகள் ஒன்றன் மேல் ஒன்று வளைந்து போவதால் வரும் சுருக்கத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால், மொத்தம் 15 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நூல் 60-ஆம் கவுண்ட். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுதான் பருத்தி நூலின் கவுண்ட். எனவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இந்தக் கணக்குப்படி 15 கிலோ மீட்டர் நூலின் எடை 150 கிராமைத் தாண்டாது. பதினைந்து கிலோ மீட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நாம் மெஸ்ஸில் தட்டை ஏந்தி நிற்கிறோம்!

இப்போது கட்டத்துக்கு வருவோம். கட்டம் சதுரமாக இருந்தால்தான் கண்ணுக்கு அழகு. பாவில் கருநீலப் பட்டை அரை அங்குலம் என்றால் 36 இழை வேண்டும். ஊடையிலும் 36 போட்டால் சதுரம் வருமா? வராது. ஊடை அங்குலத்துக்கு 68 தானே? அதனால் 34 போட வேண்டும். (சுருக்கத்தை விட்டுவிட்டு எளிமையாகச் சொல்கிறேன்.) "பாவுல முப்பத்தாறு, ஊடையில முப்பத்திநாலு. அவ்வளவுதான்" என்றார் அப்பா.

ஆனால் 'அவ்வளவுதான்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் தெம்பாக அடித்து அங்குலத்துக்கு 72 போட்டு, மாலையில் களைத்துப்போய் 64 போட்டால் என்ன ஆகும்? அதே 34 இழை காலையில் அரை அங்குலத்துக்குக் குறையும், மாலையில் கூடும். ஒரே துணியில் ஒரு கட்டம் குட்டை, இன்னொரு கட்டம் நெட்டை. துணியைப் பார்த்தே நெய்தவருக்கு எப்போது பசித்தது என்று சொல்லிவிடலாம்.

"அடி மாறாம எப்படிப்பா பாத்துக்கிற? எண்ணுவியா?"

"நூலத்தான் எண்ணுவேன். அடிய எங்க எண்றது? எங்க அப்பாரு அடிக்கிறதக் கேட்டுக்கிட்டே தூங்குனவன். அந்தச் சத்தம் மாறுனா எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்."

தாத்தாவை எனக்கு நினைவில்லை. ஆனால் என் சட்டையில் பத்து இடத்தில் நான் எண்ணியது யாருடைய அடி என்று அப்போது புரிந்தது.

ஒரு கட்டம், எத்தனை கை?

என் ரெக்கார்டில் 68 என்று எழுதியபோது அது அப்பாவின் திறமை என்று மட்டுமே நினைத்திருந்தேன். தறி ஓரம் நான்கு நாள் உட்கார்ந்தபோது கணக்கு விரிந்தது.

ஊடை நூலைத் தாரில் சுற்றுவது அம்மா. சுற்று தளர்ந்தால் நூல் நாடாவிலிருந்து கொத்தாக அவிழும், துணியின் கரையில் கண்ணி தொங்கும். இறுகினால் கரை உள்ளே இழுக்கும், அகலம் குறையும். என் சட்டைத் துணியின் கரை கோடு கிழித்தது போல இருந்தது. அந்தக் கோடு அம்மாவுடையது.

பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். 3,600 இழை. ஆயா சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஊர்க் கதை பேசிக்கொண்டே முறுக்குவார். நிறம் மாறி ஒரு இழை பிணைந்து போனால், பாவு முழுவதும் அந்தக் கோடு தப்பாகவே வரும். ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நாங்கள் சொல்கிறோம். பாவு அப்படிச் சொல்லவில்லை.

கூலிச் சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். ஒரு கைலிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. தார் சுற்றியதும் பாவு பிணைத்ததும் அதற்குள்ளேயே கரைந்துவிடும். நம் வீட்டுக் கணக்கிலேயே அம்மாவும் ஆயாவும் இல்லை என்றால், ஊர்க் கணக்கில் எங்கே வரப் போகிறார்கள்? 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் என்று சொல்கிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். அதற்கு முந்தைய 2009-10 கணக்கெடுப்பில் மொத்தம் 43.31 லட்சமாக இருந்தது. பத்தே ஆண்டில் எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற துணி வகைகளில் லுங்கியும் உண்டு. ஆனால் சட்டம் துணியின் பெயரைத்தான் காக்க முடியும். அடியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கும் பிள்ளையைச் சட்டம் உண்டாக்க முடியாது.

கடைசியாக அப்பா இன்னொன்று காட்டினார். கைலியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதைத்தான் மூட்டுவது என்கிறோம். மோசமாக நெய்த கைலியில் மூட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டம் அறுந்து நிற்கும், அந்தப் பக்கம் வேறொரு கட்டம் தொடங்கும். அப்பா பட்டையின் பாதியில் ஆரம்பித்து, மறு முனையில் மீதிப் பாதியில் முடிப்பார். தையலுக்குள் போகிற இழைக்கும் சேர்த்து நாலு ஊடை கூடப் போடுவார். மூட்டினால் முழுக் கட்டம். தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

"இத யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"கட்றவன் பாக்கணும்னு இல்ல. மூட்டுல கட்டம் சேரலன்னா எனக்குச் சோறு எறங்காது."

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. நான் எந்தச் சட்டையை எடுத்தாலும் முதலில் பார்ப்பது பையைத்தான். மார்புத் துணியின் கட்டமும் பையின் கட்டமும் சேர்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு டிராயிங் வகுப்பில் கோடு இரண்டு சந்திக்கும் மூலை சுத்தமாக இல்லாவிட்டால் தாளையே மாற்றிவிடுவேன். அறைத் தோழன் என் ரெக்கார்டைப் பார்த்து, "உன் ஸ்டைலே தனிடா" என்பான். அதை நான் என் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைத்திருந்தேன்.

கடல் தாண்டிய கட்டம்

விடுமுறை முடிந்து வந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து, இந்தக் கட்டத்தின் பூர்வீகத்தைத் தேடினேன். கிடைத்த சேதிகள் என்னை நன்றாகவே தலைகுனிய வைத்தன.

என்னைக் 'கைலி' என்று சிரித்தார்களே, அந்தக் கைலிக் கட்டத்தில் தைத்த சட்டைக்கு அமெரிக்காவில் பெயரே 'மெட்ராஸ்' என்பதுதான். இதைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர் இந்தியாவுக்கு வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் பல ஆயிரம் கெஜம் கட்டத் துணி வாங்கினாராம். அது சாயம் போகும் துணி, குளிர்ந்த நீரில் பதமாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, வாங்கி உடுத்தியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டுத் துவைத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிட்டன. வழக்கு வரைக்கும் போக வேண்டிய விஷயம். ஆனால் ஒவ்வொரு துவையலிலும் சட்டை புது நிறம் காட்டுகிறது என்று விளம்பரத்தைத் திருப்பிப் போட்டார்கள். 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்றே விற்றார்கள். 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைத் தேடி வாங்கி அணிந்தார்கள். (சாயம் போவதை நான் சிபாரிசு செய்யவில்லை. தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள்.)

இதைவிடப் பெரிய சேதி ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலாபரி என்ற மக்கள் வாழ்கிறார்கள். கடல் வழியே வந்த வணிகர்கள் மூலமாக நம் பக்கத்துக் கட்டத் துணி தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதை அவர்கள் 'இஞ்சிரி' என்று அழைக்கிறார்கள். 'அசல் இந்தியா' என்று அதற்குப் பொருள். அந்தத் துணியை அவர்கள் வெறுமனே உடுத்திக் கொள்வதோடு விடவில்லை. கலாபரிப் பெண்கள் கூரிய கத்தியால் கட்டத்தில் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்து, கட்டத்துக்குள்ளேயே புதுக் கோலம் கொண்டு வருவார்கள். அதற்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே', அறுத்த இழைத் துணி. குடும்பத்துத் துணிகளைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் இறந்தால், அந்தப் பெட்டியைத் திறந்து அந்தத் துணிகளால் சாவுச் சடங்குக் கட்டிலை அலங்கரிப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி யாரோ ஒரு குடும்பம் தன் மூதாதையரின் சொத்து என்று பெட்டியில் போற்றி வைக்கும் கட்டத்தை, அதை நெய்யும் வீட்டில் பிறந்த நான் வெட்கப்பட்டுப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன்.

நான்கு படிகள்

கலாபரி மக்களின் உடையை ஆராய்ந்த ஜோன் ஐக்கர், டோன்யே எரெகோசிமா என்ற இரண்டு அறிஞர்கள், எங்கிருந்தோ வந்த ஒரு பொருள் எப்படி ஒரு மக்களுக்குச் சொந்தமாகிறது என்பதை நான்கு படிகளாக விளக்கினார்கள். முதல் படி, தேர்வு: கிடைப்பதில் ஒன்றை எடுத்துக் கொள்வது. இரண்டாவது, பெயரிடுதல்: அதற்குத் தம் மொழியில் ஒரு பெயர் வைப்பது. மூன்றாவது, சேர்த்தல்: இன்ன குடும்பத்துக்கு, இன்ன நாளுக்கு உரியது என்று வாழ்க்கையில் இடம் கொடுப்பது. நான்காவது, மாற்றுதல்: தம் கையால் அதை வேறொன்றாக ஆக்குவது. இந்த நான்கும் நடந்தபின் அது இரவல் பொருள் ஆகாது.

இந்தப் பாடத்தை நான் என்மேலேயே வைத்துப் பார்த்தேன். கறுப்பு டீ ஷர்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். சரி, முதல் படி முடிந்தது. அதற்கு என் மொழியில் பெயர் உண்டா? அதில் எழுதியிருப்பதற்கே அர்த்தம் தெரியாது. வீட்டில் எந்த நல்ல நாளுக்கு அதற்கு இடம்? இல்லை. என் கையால் அதில் ஏதாவது செய்தேனா? சாயம் வெளுக்க விட்டதைத் தவிர ஒன்றுமில்லை. முதல் படியிலேயே நின்றுவிட்டேன்.

கைலிச் சட்டையோ தலைகீழ். அதை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. பெயரை நண்பர்கள் வைத்தார்கள். வீட்டில் அதற்கு இடம் நான் பிறக்கும் முன்பே இருந்தது. பாக்கி இருப்பது நான்காவது படி. வீடு கொடுத்ததை என் கையால் நான் என்ன செய்யப் போகிறேன் என்பது.

ஆடைக்கு மட்டும் சொல்லவில்லை. நம் வகுப்புகளையே சுற்றிப் பாருங்கள். சிவில் பிராஞ்ச்சில் என் நண்பன் ஒருவன், சுவர் ஓரமாக நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குக்குண்டைத் தொடுவான். அவன் அப்பா கொத்தனார். மெக்கானிக்கலில் ஒருவன் ஒர்க் ஷாப்பில் கருவியைத் துடைக்காமல் திருப்பி வைக்கமாட்டான். வயலிலிருந்து வந்ததும் மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைக்கும் வீட்டுப் பிள்ளை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு தோழி, ரெசிஸ்டர்களை மதிப்பு வாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைப்பார். அப்பா பஸ் கண்டக்டராக டிக்கெட் கட்டு அடுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர். இவர்களில் யாரும் இதை ஸ்டைல் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நாளைக்கு நூறு பேர் நடுவில் இவர்களை அடையாளம் காட்டப் போவது இதுதான்.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு பாதிக்கும் நடுவிலே ஒரு மூட்டு உண்டு. அங்கே கட்டம் சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

நன்றி சொல்வது எப்படி?

நன்றி என்றதும் காலில் விழுவது, மேடையில் 'என் பெற்றோருக்கு' என்று தொடங்குவது, இவைதான் நமக்கு நினைவு வரும். தவறில்லை. ஆனால் பாலிடெக்னிக் மாணவர்களான நமக்கு வேறு சில வழிகளும் உண்டு என்று நினைக்கிறேன்.

ஒன்று, உண்மையான பெயரைச் சொல்வது. 'டெக்ஸ்டைல் பிசினஸ்' என்பதற்குப் பதிலாக 'கைலி நெய்கிறார்' என்று சொல்வது. 'வேலைக்குப் போகிறார்' என்பதற்குப் பதிலாக 'சித்தாள் வேலை செய்கிறார்' என்று சொல்வது. சொல்லும்போது முதல் தடவை நாக்கு ஒட்டிக் கொள்ளும். இரண்டாம் தடவை ஒட்டாது.

இரண்டு, அந்தத் தொழிலின் கணக்கைக் கற்றுக் கொள்வது. நம் கையில் அளவுகோல் இருக்கிறது, மைக்ரோ மீட்டர் இருக்கிறது, பிக் கிளாஸ் இருக்கிறது. நம் பெற்றோர் கை சொன்னபடி செய்ததை நாம் எண்ணால் எழுதி வைக்க முடியும். எழுதி வைத்தால்தான் அது எவ்வளவு நுட்பம் என்பது நமக்கே தெரிகிறது.

மூன்று, கூலிச் சீட்டில் வராத பெயர்களை நம் கணக்கிலாவது எழுதுவது.

தறியில் போய் உட்காருவதுதான் நன்றி என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவே அதை விரும்பவில்லை. நான் சாரிடம் சொன்ன பொய்யைப் பொங்கலன்று இரவு அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் கேட்டார்:

"கடையில வாங்குனதுன்னு சொன்னதும் உங்க சார் நம்பிட்டாரா?"

"நம்பிட்டாருப்பா."

"அப்ப நல்லாத்தான் நெய்ஞ்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ தறியில உக்காரணும்னு நான் படிக்க வைக்கலப்பா. ஆனா யாராவது கேட்டா, சொல்லு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

எங்கள் துறையில் துணி மாதிரிகளை ஒட்டி வைக்கும் ஆல்பம் ஒன்று இருக்கிறது. என் சட்டைத் துண்டும் அதில் ஒட்டப்பட்டிருந்தது. 'துணி கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'கடை' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். விடுமுறை முடிந்து வந்த வாரம் சாரிடம் போய் ஆல்பத்தைக் கேட்டேன். 'கடை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்:

நெய்தவர்: என் அப்பா.
தார் சுற்றியவர்: என் அம்மா.
பாவு பிணைத்தவர்: என் ஆயா.
அடி கற்றுக் கொடுத்தவர்: என் தாத்தா.

ரெக்கார்டில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விதி. சார் நான்கு வரியையும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அந்தச் சட்டை இப்போது பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் போடுகிறேன். காலரில் கொஞ்சம் நைந்துவிட்டது. விடுதியில் இன்னும் சிலர் என்னைக் 'கைலி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்த்து, "சொல்லு மச்சி" என்கிறேன்.

நண்பர்களே, இந்த மலரை மூடுவதற்கு முன் உங்கள் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நீங்களும் அப்படி நான்கு வரி எழுதிப் பாருங்கள். எங்கேனும் 'கடை' என்று எழுதியிருந்தால் அடித்துத் திருத்துங்கள். கையெழுத்து வாங்க வெட்கப்பட வேண்டாம்.